'ஹோப்'புக்குத் தமிழ்ல என்ன?

பிளேஸ்மென்ட் சீசன் வந்துட்டா ஹாஸ்டல்ல அதிகம் காதில் விழும் சொல் 'ஹோப்'. "இன்னும் ஹோப் இருக்குடா", "ஹோப்பே போச்சு மச்சி". இதைத் தமிழ்ல சொல்லுங்கன்னா உடனே 'நம்பிக்கை'ன்னு சொல்வீங்க. ஆனா ஃபெய்த், டிரஸ்ட், கான்ஃபிடன்ஸ் மூணுக்கும் அதே சொல்தானே? கடவுள் நம்பிக்கை, நம்பிக்கைத் துரோகம், தன்னம்பிக்கை. நாலு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒரே சொல் பார்க்குது.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. "கிடைக்கும்னு தோணல, இருந்தாலும் ஹோப் பண்றேன்" என்று சொல்லலாம். "கிடைக்கும்னு நம்பல, இருந்தாலும் நம்புறேன்" என்று சொன்னால் சிரிப்பாங்க. காரணம், இன்றைக்கு 'நம்பு' என்றால் 'உண்மை என்று ஏற்றுக்கொள்' என்பதுதான் நமக்கு முதலில் தோன்றும் பொருள்.

எப்பவும் இப்படி இல்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் உரியியல் என்று ஒரு பகுதி இருக்கு. பல சொற்களுக்குப் பொருள் சொல்லும் ஒரு சின்ன அகராதி மாதிரின்னு வெச்சுக்கோங்க. அதில் 'நம்பு', 'மேவு' என்ற இரண்டு சொல்லுக்கும் தரப்படும் பொருள் 'நசை', அதாவது விருப்பம். அப்போ அந்தப் பழைய 'நம்பு'வில் இருந்தது ஆசை!

மற்ற மொழிகள் இதை எப்படிப் பார்க்குதுன்னு பாருங்க. ஆங்கில 'ஹோப்' பழைய ஆங்கிலத்தில் 'ஹோபியன்' என்ற வினையாக இருந்தது. ஜெர்மன் 'ஹோஃபன்' அதோட சொந்தக்காரர். லத்தீனில் 'ஸ்பேஸ்' என்றால் ஹோப். அந்தக் குடும்பத்து வினையான 'ஸ்பெராரே'யோடு 'டி' சேர்ந்து வந்ததுதான் 'டெஸ்பரேட்'. ஸ்பானிஷ்காரர்களுக்கு 'எஸ்பெரார்' என்ற ஒரே வினைதான், ஹோப் பண்றதுக்கும் காத்திருக்கிறதுக்கும். ரிசல்ட் மெயிலுக்காக இன்பாக்ஸை ரிஃப்ரெஷ் பண்ணிட்டே இருந்தவங்களுக்கு இது புரியும்.

கிரேக்கத்தில் 'எல்பிஸ்'. ஹெசியோட் சொன்ன பண்டோரா கதையில் ஜாடியிலிருந்து துன்பங்கள் எல்லாம் வெளியேறிய பிறகு உள்ளே தங்கியது இதுதான். ஆனா எல்பிஸ் என்பதற்கு வெறும் 'எதிர்பார்ப்பு' என்ற பொருளும் உண்டு. நல்லதையும் எதிர்பார்க்கலாம், கெட்டதையும் எதிர்பார்க்கலாம். அதனால ஜாடியில் மிஞ்சியது வரமா சாபமா என்று இன்றும் விவாதம் நடக்குது.

ஆக ஹோப்புக்குள்ள மூணு விஷயம் இருக்கு: ஆசை, காத்திருப்பு, நடக்கும் என்ற எண்ணம். தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கு. நாம்தான் எல்லாத்தையும் 'நம்பிக்கை'க்குள்ள போட்டு மூடிடுறோம்.

இதைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு கேட்கலாம். நாலாவது கம்பெனியிலும் ரிஜெக்ட் ஆன நண்பன் "நம்பிக்கையே போச்சு"ன்னு சொன்னா, "நம்பிக்கையை விடாதே"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடாதீங்க. எது போச்சுன்னு கேளுங்க. கிடைக்கும் என்ற எண்ணம் போயிருந்தா, எந்த ரவுண்டில் தடுக்குதுன்னு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். காத்திருக்கும் தெம்பு போயிருந்தா, முதல்ல சாப்பிட வெச்சுத் தூங்க விடணும். ஆசையே போயிருந்தா, ஒருவேளை அந்த வேலை அவனோட ஆசையே இல்லாம இருக்கலாம், அதையும் பேசலாம். மூணுக்கும் ஒரே ஆறுதல் சரிப்படாது.