சொல்லாமல் போகும் பாகங்கள்

சர்வரில் பவர் சப்ளை பெரும்பாலும் இரண்டு இருக்கும். ஒன்று போனால் மற்றது முழுச் சுமையையும் தாங்கிக்கொள்ளும். மெமரியில் ஒரு பிட் புரண்டால் இசிசி என்ற பிழைதிருத்தும் நுட்பம் அதைத் திருத்திவிடும். ரெய்டு 1 முறையில் இணைத்த இரண்டு டிஸ்குகளில் ஒன்று செத்தாலும் வேலை நிற்காது. அத்தனையும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழுது வெளியே தெரியாமல் போவதும் இதனால்தான். இரண்டாவதும் கைவிடும் நாளில், முதலாவது எப்போதோ போயிருந்தது தெரியவரும். லினக்ஸில் வன்பொருள் கண்காணிப்புக் கருவிகளின் முதல் வேலை, அந்தச் செய்தியை ஆள் காதுக்குக் கொண்டுவருவது.

மதர்போர்டில் பிஎம்சி என்றொரு தனிச் சில்லு உண்டு. சர்வரை அணைத்தாலும் மின் இணைப்பு இருக்கும்வரை அது விழித்திருக்கும். வெப்பம், விசிறியின் வேகம், மின்னழுத்தம் எல்லாவற்றையும் பார்த்து, நடந்ததைத் தன் பதிவேட்டில் எழுதிவைக்கும். டெல்லின் ஐடிராக், எச்பிஇயின் ஐஎல்ஓ எல்லாம் இந்த வகைதான். பிஎம்சியோடு பேசுவதற்கான பொது நெறியே ஐபிஎம்ஐ. இன்டெல், டெல், எச்பி, என்இசி நான்கும் சேர்ந்து 1998இல் வெளியிட்டது. கெர்னலில் அதன் டிரைவர்களை ஏற்றிவிட்டால், ஐபிஎம்ஐடூல் என்ற கருவியைக் கொண்டு அந்தப் பதிவேட்டைப் படிக்கலாம். டிரைவர் ஏறாவிட்டால், சர்வருக்குள்ளிருந்து கேட்கும் ஐபிஎம்ஐடூலுக்குப் பதில் கிடைக்காது.

மெமரிக்கு ஈடாக் டிரைவர் இருக்கிறது. திருத்தப்பட்ட பிழைகளை அது எண்ணிக்கொண்டே வரும். கூகுள் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரையின்படி, ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் மேலான மெமரி அட்டைகளில் இப்படிப்பட்ட பிழை வந்திருக்கிறது. அரிதானது என்று ஒதுக்க முடியாத எண் இது.

டிஸ்க்கில்தான் எச்சரிக்கை தேவை. டிஸ்க் தன்னைத் தானே கண்காணிக்கும் வசதிக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கருவி 'நலம்' என்று காட்டினால் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். கூகுளின் 2007ஆம் ஆண்டு ஆய்வில், பழுதான டிஸ்குகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை நான்கு முக்கிய ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. ஸ்மார்ட் அலறினால் நம்புங்கள், உடனே மாற்றுங்கள். அது பேசாமல் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள், பேக்கப் எடுங்கள்.

பிஎம்சியை இணையத்தில் திறந்துவைப்பது பேராபத்து. ஐபிஎம்ஐ 2.0இல், பயனர் பெயர் தெரிந்தவர் லாகின் ஆகும் முன்பே கடவுச்சொல்லின் ஹாஷைப் பெற்றுவிடலாம். பிறகு ஓய்வாக உட்கார்ந்து உடைக்கலாம். அதனால் ஐபிஎம்ஐ பயன்படுத்தும் யுடிபி 623ஆம் போர்ட்டை வெளியிலிருந்து எட்டாதபடி அடைத்து, பிஎம்சிக்கென்று தனி நெட்வொர்க் கொடுக்க வேண்டும். 2015இல் வந்த ரெட்ஃபிஷ் என்ற புதிய நெறி, எச்டிடிபிஎஸ் வழியாகப் பேசுகிறது. புதிய சர்வர் என்றால் அதையே பயன்படுத்தலாம்.

எல்லாம் அமைத்த பிறகு ஒரு சோதனை பாக்கியிருக்கிறது. இரண்டு பவர் சப்ளைகளும் நலமா என்று பார்த்துக்கொண்டு, ஒன்றின் வயரைப் பிடுங்குங்கள். பொறுப்பாளரின் கைபேசிக்கு எத்தனை நிமிடத்தில் செய்தி வருகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.