மாலைக்கண்ணுக்கு மீன் எண்ணெய் மட்டும் போதுமா?

பொழுது சாய்ந்ததும் தாராவிச் சந்தில் சுவரைத் தடவி நடக்கும் பிள்ளைக்கு மீன் எண்ணெயும் முருங்கைக்கீரையும் கொடுப்பது நம்மவர் வழக்கம். வைட்டமின் 'ஏ' குறைவு என்றால் அது சரியான வைத்தியந்தான். கொடுத்தும் குணம் தெரியாவிட்டால்? பரம்பரைக் கோளாறாக இருக்கலாம்.

அதில் ஒரு வகையின் கதை விசித்திரமானது. ஒளி பட்டதும் விழித்திரையிலுள்ள வைட்டமின் 'ஏ' பொருள் வளைவு நிமிர்ந்துவிடுகிறது. அதை மறுபடி வளைத்துக் கொடுத்தால்தான் அடுத்த ஒளியை உணரமுடியும். அந்த வேலையைச் செய்வது ஆர்.பி.இ.65 என்ற என்சைம். இதைக் காட்டிக்கொடுத்தது ஓர் ஆன்டிபாடி. குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் பொருள் அது. அமெரிக்காவின் தேசியக் கண் நிலையத்தார் அதைக்கொண்டு, விழித்திரைக்கு அடியிலுள்ள கருநிறப் படலத்தில் 1993-ல் இப்புரதத்தை இனங்கண்டார்கள். எதற்காக இருக்கிறது என்று அப்போது தெரியாது! இதன் மரபணு பழுதானால் பிறவியிலேயே பார்வை மங்கும் என்பது 1997-ல் தெரிந்தது. வேலை இன்னதென்று 2005-ல்தான் உறுதியாயிற்று.

தாய் தந்தையர் நன்றாகவே பார்ப்பார்கள். இருவரிடமும் அதே பழுது மறைந்திருந்தால் பிள்ளைக்கு வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமன், அத்தை மகன் என்று கட்டும் குடும்பங்களில் இப்படி நேர்வது அதிகம். ஜாதகத்தில் தெரியாத பொருத்தம் இது.

2017-ல் இதற்கான மரபணு ஊசிக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. இரு கண்களுக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்ட விலை 8.5 லட்சம் டாலர்! அதுவும் விழித்திரையில் உயிருள்ள செல்கள் மிஞ்சியிருந்தால்தான் பலிக்கும். மருந்துக்கு மசியாத மாலைக்கண் என்றால் சயான் ஆஸ்பத்திரி கண் பிரிவிலாவது சீக்கிரம் காட்டுவது நல்லது. சொந்தத்தில் கல்யாணம் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும்.