துப்பாக்கி சுட ஆசையா? முதலில் துப்பாக்கியை வாங்காதீர்கள்!

கடன் வாங்காமல் கற்றுக்கொள்ள வழி இருக்கிறது
பெற்றோர் கவனிக்க வேண்டிய சங்கதிகள்

சென்னை–

மெரினா கடற்கரையில் சாயங்காலம் ஆனால் ஒரு காட்சி. மணலில் ஒரு தட்டி. தட்டி நிறைய கலர் கலராக பலூன்கள். எதிரே மேஜை மேல் ஒரு ஏர்கன்.

"வாங்க சார், சுட்டுப் பாருங்க!" என்று பலூன்காரர் கூப்பிடுகிறார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போகிற பையனுக்கு அதற்கு மேல் கால் நகராது.

டப்! ஒரு பலூன் காலி. டப்! இன்னொன்று. பத்துக்கு ஏழு உடைந்துவிட்டால் போதும், பையன் அன்று ராத்திரி தூங்க மாட்டான்.

"அப்பா, எனக்கு ஒரு துப்பாக்கி வாங்கித் தாங்கப்பா. நானும் ஒலிம்பிக் போறேன்!"

அப்பா மாதச் சம்பளக்காரர். மறுநாள் ஆபீசிலிருந்து போன் போட்டு விலை விசாரிக்கிறார். தலை சுற்றுகிறது. சர்வதேசப் போட்டிகளில் வீரர்கள் வைத்திருக்கும் ஜெர்மனி ஏர் ரைபிளைப் புதிதாக வாங்கினால் 2 லட்சம் ரூபாயைத் தாண்டும். கோட்டு, கால்சட்டை, பூட்ஸ், கையுறை என்று அதற்கு மேலும் பட்டியல் நீள்கிறது.

இங்கேதான் அப்பாக்கள் அவசரப்படக் கூடாது. பி.எப். பணத்தில் கை வைத்து, அம்மாவின் வளையலை அடகு வைத்து, துப்பாக்கி வாங்கியாகிவிட்டது என்று வையுங்கள். ஆறு மாதத்தில் பையனுக்குக் கிரிக்கெட் மேல் ஆசை திரும்பிவிட்டால்? துப்பாக்கி பரண் மேல். வட்டி மட்டும் மாதா மாதம் குட்டி போடும்.

இந்த விளையாட்டில் துப்பாக்கி என்பது கடைசியாக வாங்க வேண்டிய சாமான்.

ரெயில்வே ஊழியரின் பதக்கம்

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் முதல் தனிநபர் தங்கம் வாங்கித் தந்ததே ஏர் ரைபிள்தான். 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா வாங்கினார்.

2012-ல் லண்டனில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் சென்னையில் பிறந்தவர். உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்த பெண்.

2024-ல் பாரிசில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். அதே பாரிசில் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே அப்போது மத்திய ரெயில்வேயில் டிக்கெட் பரிசோதகர்!

சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அவனி லேகரா இரண்டு பாராலிம்பிக்கில் தங்கம் சுட்டிருக்கிறார். உயரம், ஓட்டம், புஜபலம் எதுவும் இங்கே கட்டாயம் இல்லை. மனமும் கையும் ஆடாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மூக்குக் கண்ணாடி போட்டவர்களும் தாராளமாக வரலாம்.

பலூன் வேறு, புள்ளி வேறு

கடற்கரையில் பலூன் உடைத்தவர் எல்லோரும் போட்டியில் சுட்டுவிட முடியாது. ஏன்?

பலூன் தேங்காய் அளவு இருக்கும். தூரமும் நாலு எட்டுதான். போட்டியில் குறி இருப்பது 10 மீட்டர் தள்ளி. ரைபிள் அட்டையில் நடுவில் இருக்கும் 'பத்து' என்ற புள்ளியின் அகலம் எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர்! பேனா முனையால் வைத்த புள்ளி மாதிரி. சுடுகிற குண்டே 4.5 மில்லிமீட்டர்.

அந்தப் புள்ளியை ஒரு தரம் அடித்தால் போதாது. 1 மணி 15 நிமிஷத்துக்குள் 60 தடவை சுட வேண்டும். ரைபிளின் எடை ஐந்தரை கிலோ வரை இருக்கலாம். அரிசிப் பையைத் தோளில் அணைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் சிலையாக நிற்கிற மாதிரி.

பலூன் துப்பாக்கியில் இன்னொரு கெடுதல். அதன் குறி முள் கோணலாக இருந்தாலும் யாரும் கவலைப்படுவதில்லை. வெடுக்கென்று விசையை இழுத்துச் சுடப் பையன் பழகிவிடுவான். போட்டியில் அந்தப் பழக்கம்தான் முதல் எதிரி. விசையைத் துளித் துளியாக அழுத்த வேண்டும். எப்போது வெடித்தது என்று சுடுகிறவருக்கே தெரியக் கூடாது.

முதல் மூன்று மாதம்

சரி, கையில் காசு குறைவு. எங்கே தொடங்குவது?

மாநில சங்கத்தோடு இணைந்த ரைபிள் கிளப் அல்லது பயிற்சிக் கூடத்துக்கு நேரில் போங்கள். பெரும்பாலான இடங்களில் புதிதாக வருகிறவர்களுக்குக் கூடத்தின் துப்பாக்கியையே கொடுத்துப் பழக்குவார்கள். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். இரண்டு மூன்று இடம் விசாரித்த பிறகு பணம் கட்டலாம். வருஷச் சந்தாவை ஒரேயடியாகக் கட்ட வேண்டாம். ஒரு மாதம் போதும்.

மூன்று மாதம் கூடத்தின் துப்பாக்கியிலேயே பழகட்டும். நிற்பது, மூச்சு விடுவது, குறி பார்ப்பது, விசை அழுத்துவது. இந்த நாலும் வந்த பிறகும் பையன் காலையில் தானாக எழுந்து கிளம்பினால் ஆசை நிஜம். நீங்கள் எழுப்ப வேண்டியிருந்தால் துப்பாக்கிப் பேச்சையே எடுக்காதீர்கள்.

குண்டுக்கு எவ்வளவு ஆகும்? ஒரு கணக்குப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 60 குண்டு என்றால் மாதம் 720 குண்டு. ஒரு டப்பாவில் 500 இருக்கும். ஆக, மாதம் ஒன்றரை டப்பா. பழகுகிறவருக்கு உள்நாட்டுக் குண்டு போதும். டப்பா சில நூறு ரூபாய்தான். வெளிநாட்டு உயர் ரகம் பத்துப் புள்ளியை நெருங்குகிற காலத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

காசு செலவில்லாத பயிற்சி

இந்த விளையாட்டில் பாதிப் பயிற்சிக்கு குண்டே தேவையில்லை.

பிஸ்டல் பழக விரும்புகிறவர் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளட்டும். அது சுமார் ஒரு கிலோ. ஏர் பிஸ்டலின் எடை ஒன்றரை கிலோவுக்குள்தான். பாட்டிலை ஒரு கையில் நீட்டிப் பிடித்து, சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளியைப் பார்த்தபடி பத்து விநாடி ஆடாமல் நிற்க வேண்டும். இறக்கி வைத்து ஓய்வு. மறுபடி பத்து விநாடி. தினம் கால் மணி நேரம் போதும்.

ரைபிள் பழகுகிறவருக்கு நிற்பதே பயிற்சி. தோள் அகலத்துக்குக் கால்களை வைத்து, இடது முழங்கையை இடுப்பு எலும்பில் ஊன்றி நிற்க வேண்டும். பாரத்தை எலும்பு தாங்க வேண்டும், சதை தாங்கக் கூடாது.

குண்டு போடாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகுவதும் உண்டு. போட்டித் துப்பாக்கிகளில் அதற்கென்றே தனி ஏற்பாடு இருக்கிறது. ஆனால் ஸ்பிரிங் ஏர்கன்னில் இதைச் செய்யவே கூடாது. உள்ளே ஸ்பிரிங்கும் பிஸ்டனும் அடிபட்டுக் கெட்டுவிடும்.

வாங்கியே தீர வேண்டும் என்றால்...

மூன்று மாதம், ஆறு மாதம் ஆகிவிட்டது. பையன் விடாமல் போகிறான். கோச்சும் "நல்லா வர்றான் சார்" என்கிறார். இப்போது பர்சைத் திறக்கலாம்.

குறைந்த விலையில் கிடைப்பது நம் நாட்டிலேயே தயாராகும் ஸ்பிரிங் ஏர் ரைபிள். குழாயை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். விசையை அழுத்தினால் அது விடுபட்டுக் காற்றைத் தள்ளும், காற்று குண்டைத் தள்ளும். பத்தாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே வாங்கலாம். சுடும்போது கொஞ்சம் உதறும். அடிப்படை பழக இது போதும். லென்ஸ் இல்லாத சாதாரணக் குறி முள்ளோடு சுடும் 'ஓப்பன் சைட்' பிரிவும் உள்ளூர்ப் போட்டிகளில் உண்டு.

அடுத்த ரகம் சிலிண்டரில் அடைத்த காற்றில் சுடுவது. இதில் உதறல் கிடையாது. போட்டித் துப்பாக்கிகள் இந்த ரகம்தான். சிலிண்டருக்குள் 200 பார் வரை அழுத்தம். கார் டயரைப் போல சுமார் நூறு மடங்கு!

பழையது மலிவாக வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த சிலிண்டரைத்தான். அதன் மேல் தேதி பொறித்திருக்கும். பொதுவாகப் பத்து வருஷம்தான் ஆயுள். தேதி தாண்டிய சிலிண்டரை வீட்டில் வைத்திருப்பது வெடிகுண்டை வைத்திருப்பதற்குச் சமம். புது சிலிண்டருக்கு ஆகும் செலவையும் கூட்டித்தான் பழைய துப்பாக்கியின் விலையைக் கணக்குப் போட வேண்டும். கோச்சைக் கூட அழைத்துப் போய், நாலு குண்டு சுட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இன்னொரு சிக்கன வழியும் இருக்கிறது. ரைபிள்காரருக்குத்தான் விறைப்பான கோட்டும் கால்சட்டையும் வேண்டும். பிஸ்டல் போட்டியில் அந்தக் கோட்டை அணிய விதியே இடம் கொடுக்காது. ஆக, பிஸ்டல் பக்கம் போனால் உடுப்புச் செலவு மிச்சம். அட்டையில் 'பத்து' வட்டமும் பெரிசு, 11.5 மில்லிமீட்டர். ஆனால் ஒரே கையால்தான் பிடிக்க வேண்டும்!

பால்ரஸ் போடாதே!

காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று சைக்கிள் கடை பால்ரஸ் குண்டைப் போட்டுச் சுடுகிற பையன்கள் உண்டு. மகா தப்பு. குழாய்க்குள் சுருள் சுருளாக வரிகள் இருக்கும். குண்டு சுழன்றுகொண்டு நேராகப் போவது அந்த வரிகளால்தான். இரும்பு பால்ரஸ் அதைத் தேய்த்துவிடும். சுவரில் பட்டுத் திரும்பி வந்து சுட்டவனையே தாக்கவும் செய்யும்.

சரியான குண்டு ஈயத்தால் ஆனது. ஈயம் உடம்புக்கு ஆகாது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடக் கூடாது. குண்டை வாயில் கவ்விக்கொள்வது வேண்டவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

"ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்று கடைக்காரர் சொல்வார். பாதிதான் சரி.

2016-ம் வருஷ ஆயுத விதிகளின்படி, குழாய் அளவு 4.5 மில்லிமீட்டருக்குள்ளும், குண்டு கிளம்பும் சக்தி 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. இதில் ஒன்று மீறினாலும் லைசென்ஸ் வேண்டும். அடையாள அட்டை, முகவரிச் சான்று கேட்பார்கள். கொடுத்து, பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடையாளமும் கேட்காமல், பில்லும் கொடுக்காமல் விற்கிற ஆசாமியிடம் வாங்காதீர்கள்.

லைசென்ஸ் இல்லை என்பதால் தோளில் மாட்டிக்கொண்டு மின்சார ரெயிலில் ஏறக் கூடாது. பார்க்கிறவர்களுக்கு அது நிஜத் துப்பாக்கிதான். பூட்டிய பெட்டியில், குண்டு இல்லாமல், பில் நகலோடும் கிளப் அட்டையோடும்தான் எடுத்துப் போக வேண்டும்.

மொட்டை மாடியில் நின்று கிளி, மைனா, கொக்கைக் குறி பார்க்கிற வேலையும் கூடாது. 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். விளையாட்டு ஆசை கோர்ட்டில் முடிந்துவிடும்.

போனால் வராத கண்

போட்டி ரைபிளிலிருந்து குண்டு விநாடிக்கு சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல்! பத்து மீட்டரில் அட்டையைத் துளைக்கிற குண்டு, கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிளாஸ்டிக் உருண்டை போட்டுச் சுடும் துப்பாக்கிகளிலும் இதே ஆபத்து உண்டு. 1970-களில் ஜப்பானில் தொடங்கிய 'ஏர்சாப்ட்' என்ற ஆட்டத்தில் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டையால் ஒருவரை ஒருவர் சுடுகிறார்கள். ஆனால் கண்ணை முழுக்க மூடும் கவசம் இல்லாமல் மைதானத்துக்குள் யாரையும் விட மாட்டார்கள். நம் பையன்கள் திருவிழாக் கடையில் அதே மாதிரி பொம்மையை வாங்கிக்கொண்டு, வெறுங்கண்ணோடு சந்துக்குள் ஓடிப் பிடித்துச் சுடுகிறார்கள். பெற்றோர் கண்டிக்க வேண்டும்.

நல்ல பயிற்சிக் கூடத்தை அடையாளம் காண்பதும் இதை வைத்துத்தான். உள்ளே நுழைந்ததும் நாலு விஷயம் பாருங்கள்.

சுடாத துப்பாக்கிகளின் குழாயில், குண்டு இல்லை என்று காட்டும் பளிச் நிற நைலான் கயிறு நீட்டிக்கொண்டிருக்கிறதா?

துப்பாக்கி முனை எப்போதும் குறி அட்டைப் பக்கமே இருக்கிறதா?

சுடுகிற வரிசைக்கு முன்னால் யாராவது குறுக்கே நடக்கிறார்களா?

கோச் பக்கத்திலேயே நிற்கிறாரா, இல்லை, போனில் பேசிக்கொண்டிருக்கிறாரா?

முதல் இரண்டுக்கு "ஆமாம்", மூன்றாவதற்கு "இல்லை", நான்காவதற்கு "பக்கத்திலேயே நிற்கிறார்" என்று பதில் வந்தால் பையனைச் சேர்க்கலாம். இதில் ஒன்று தப்பினாலும், கட்டணம் எவ்வளவு மலிவாக இருந்தாலும், அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.