நள்ளிரவில் மின்சாரத்தை உண்டது யாது?

இங்கிலாந்தின் வடபாகத்தில் தொழில் நிமித்தம் வசித்துவரும் எம் தமையனார் சென்ற குளிர்காலத்தில் எழுதிய கடிதங்களில் பாதி குழந்தையைப் பற்றியும், மற்றப் பாதி மின்சாரக் கட்டணத்தைப் பற்றியுமே இருந்தன. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்த செய்திகளே. எட்டு மாதக் குழந்தை உறங்கும் வீட்டை உறைபனிக் காலத்தில் குளிர விடலாகாது. ஆயினும் கட்டணச் சீட்டைக் கண்ட நாள் முதல், இரவில் வீட்டின் வெப்பத்தை 15 பாகைக்குக் குறைத்துவிட்டு, அண்ணியார் குழந்தையைக் கம்பளியிற் பொதிந்து தம்மோடு அணைத்துக்கொண்டு உறங்கினாராம். இதனைக் கேட்ட எம் அன்னையார் பட்ட துயரம் சொல்லுந்தரமன்று. தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சியில் என்ன வேலை என்று வினவும் நண்பர்க்கு இதுவே எமது விடை.

அவ்வீட்டைச் சூடேற்றுவது ஹீட் பம்ப் என்னும் யந்திரம். அதனை ‘வெப்ப ஏற்றம்’ என அழைக்க விரும்புகிறோம். கிணற்றின் அடியிற் கிடக்கும் நீரை நம் ஊர் ஏற்றம் மேலே கொணர்வது போல, வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை இஃது இறைத்து வீட்டினுள் ஊற்றுகிறது. ஏற்றம் நீரை உண்டாக்குவதில்லை. இதுவும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஆதலின் 1 யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டு ஏறக்குறைய 3 யூனிட் வெப்பத்தைப் பெறக்கூடுகிறது. உறைபனிக் காற்றில் வெப்பமேது எனின், எளிதில் ஆவியாகும் திரவமொன்று அக்காற்றினும் குளிர்ந்ததாய்க் குழாயில் ஓடுங்கால், காற்றிலுள்ள வெப்பத்தைக் கவர்ந்து ஆவியாகின்றது. அவ்வாவியைக் கம்ப்ரஸர் அழுத்த, அது மிகச் சூடேறி, வீட்டினுள் ஓடும் நீருக்குத் தன் வெப்பத்தை ஈந்து மீண்டும் திரவமாகின்றது. இம்முறையாற் கட்டடங்களைச் சூடேற்றலாம் என்று, பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்ஸன் 1852-ஆம் ஆண்டிலேயே எழுதினார். கடுங்குளிரில் இதன் திறம் குறையுமாதலின், நேரே மின்சாரத்தால் வெப்பந்தரும் துணைச் சூடாக்கி ஒன்றையும் உடன் அமைப்பதுண்டு. இத்துணைவனுக்கு 1 யூனிட் கொடுத்தால் 1 யூனிட் வெப்பமே கிடைக்கும்.

புதிதாக வந்தவன்மேற் பழி சுமத்துவது உலக இயல்பு. அண்டை வீட்டார் முதலாக அனைவரும் வெப்ப ஏற்றத்தையே குற்றவாளி என்றனர். தமையனாரும் அவ்வாறே எண்ணியிருந்தார். யாம் வேண்டிக்கொண்டதற்கிணங்கி, இருவாரம் இரவு 10.30 மணிக்கும் காலை 6.30 மணிக்கும் மின்மானியின் எண்களையும், வெளிக்குளிரின் அளவையும் குறித்தனுப்பினார். உறைபனி இரவுகளில் 17 யூனிட் வரை செலவாகியிருந்தது. அது வியப்பன்று. குளிர் தணிந்த இரவுகளிலும் 7 யூனிட் செலவாகியிருந்ததே வியப்பு. வெப்பத்துக்காகச் செலவாகும் மின்சாரம் குளிரோடு ஏறி இறங்க வேண்டும். குளிருக்கு அசையாத செலவு வேறொன்றன் செலவாதல் வேண்டும். ஓர் இரவு வீட்டைச் சூடேற்றுவதை அறவே நிறுத்திப் பார்த்தார். அன்றும் 6 யூனிட்!

அங்குள்ள புதிய மின்மானிகள் அரைமணிக்கு ஒருமுறை செலவைப் பதிந்து வைப்பன. அப்பதிவை வரைபடமாக்கியபோது இரு மேடுகள் தோன்றின. ஒன்று, நள்ளிரவு 1 மணிக்குத் தொடங்கி ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் நிற்பது, ஓரிரவும் தவறாதது. மற்றொன்று, காலை 5 மணிக்கு எழுவது. பனி இரவுகளில் மட்டும் காணப்படுவது.

முதல் மேட்டைப் பிடிக்கத் தமையனார் ஒரு சனிக்கிழமை இரவு, சூடேற்றுதலை நிறுத்திவிட்டு, கைவிளக்குடன் மின்மானியின்முன் அமர்ந்தார். அதில் ஒரு சிறு செவ்விளக்கு உண்டு. 1 யூனிட்டுக்கு 1000 முறை மினுக்கும். அதாவது நிமிடத்துக்கு ஒரு மினுக்கு, 60 வாட் செலவைக் காட்டும். 1 மணிக்குமுன் நிமிடத்துக்கு 4 மினுக்குகள்; மணி அடித்ததும் 54. உடனே வெப்ப ஏற்றத்தின் விசையைத் தாழ்த்தினார். 53! இத்துணை நாள் பழி சுமந்தது குற்றமற்றது என்பது அந்நொடியில் தெளிவாயிற்று. பின்னர் ஒவ்வொரு விசையாகத் தாழ்த்தி வருகையில், வெந்நீர்த் தொட்டியின் விசையைத் தொட்டதும் மினுக்கல் ஓய்ந்தது. (விசைகளைத் தாழ்த்தலாம், பலகையைத் திறத்தல் தொழிலறிந்தார்க்கே உரியது.)

தொட்டியினுள் 3 கிலோவாட் சூடாக்கி ஒன்று அமிழ்ந்திருந்தது. அந்நாட்டில் 1978-ஆம் ஆண்டு முதல், இரவில் ஏழு மணி நேரம் மின்சாரத்தைக் குறைந்த விலைக்கு விற்கும் முறை ஒன்று வழங்கிற்று. முன்னிருந்தோர் அதற்கென அமைத்த கடிகார விசை, அலமாரியின் மூலையில், தன்னை மறந்துவிட்டோர்க்கு இன்றும் ஊழியம் புரிந்துகொண்டிருந்தது. வெப்ப ஏற்றம் 48 பாகைக்குச் சூடாக்கி வைத்த 200 லிட்டர் நீரை, இச்சூடாக்கி இரவுதோறும் 65 பாகைக்கு ஏற்றிற்று. லிட்டருக்குப் பாகை ஒன்றுக்கு 4.2 கிலோஜூல் எனக் கணக்கிட்டால் 14,280 கிலோஜூல். 1 யூனிட்டுக்கு 3,600 ஆகலின் ஏறக்குறைய 4 யூனிட். கணக்கு மின்மானியோடு ஒத்தபோது எமக்குண்டான மகிழ்ச்சி, அரிய பாடத்துக்கு உரை கண்டாற் போன்றது. அச்சூடாக்கியை அறவே நீக்கவுமில்லை. வெதுவெதுப்பான நீரில் லீஜியோனெல்லா என்னும் நோய்க்கிருமி பெருகுமாதலின், வாரம் ஓரிரவு மட்டும் நீரை 60 பாகைக்கு மேல் ஏற்றுமாறு வைத்தனர்.

இரண்டாம் மேட்டின் செய்தி வருந்தத்தக்கது. இரவெல்லாம் 15 பாகையிற் குளிர்ந்த வீட்டைக் காலை 5 மணிக்கு 20 பாகைக்கு விரைந்து ஏற்றுமாறு பணித்திருந்தமையின், வெப்ப ஏற்றம் தனித்து நிறைவேற்றமாட்டாமல், 6 கிலோவாட் துணைச் சூடாக்கியை அழைத்துக்கொண்டது. சிக்கனங்கருதி அண்ணியார் குளிரைப் பொறுத்த பொறுமையே செலவைப் பெருக்கிற்று என்பதனை அவர்க்கு எழுத எமக்கு மனம் வரவில்லை. தமையனாரே சொல்லிக்கொள்ளட்டும் என விட்டுவிட்டோம்.

இப்பொழுது இரவில் 18 பாகை, பகலில் 20 பாகை. வெப்ப ஏற்றம் இரவெல்லாம் மெல்ல ஓடுகிறது. துணைச் சூடாக்கி வெளியே −5 பாகைக்குக் கீழிறங்கினாலன்றி எழாது. பனி இரவின் செலவு 9 யூனிட். குழந்தை தன் தொட்டிலிற் கம்பளிச் சுமையின்றி உறங்குகிறது.

54 என்பது 53 ஆன அந்த ஒரு மினுக்கு யாதென எம் தமையனார் விடாது கேட்டெழுதினார். கம்ப்ரஸர் ஓயும்போது அதன் எண்ணெயில் அத்திரவம் கலந்துவிடாதபடி எண்ணெயைச் சூடாக வைக்கும் சிறு சூடாக்கி ஒன்று உண்டு. அதன் செலவாக இருக்கலாம் என எழுதியுள்ளோம். எஞ்சிய மூன்று மினுக்குகளில் இரண்டைக் குளிர்ப்பெட்டிக்கும் நீர்ச்சுற்றுப் பம்புக்கும் பங்கிட்டுவிட்டார். மூன்றாவதைத் தேடி இன்னும் கைவிளக்கோடு உலவுகிறாராம்.