கழிவு நீரும் கார்த் தொழிற்சாலையும்

பள்ளிப் பேருந்து இருங்காட்டுக்கோட்டையைக் கடக்கும்போது நெடுஞ்சாலையோரத் தொழிற்சாலைகளை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். கார் செய்ய இரும்பும் ரப்பரும் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. தண்ணீரும் ஏராளமாக வேண்டும் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணியிருப்போம்? வண்ணம் பூசுமுன் தகடுகளைப் பலமுறை கழுவ வேண்டும். இயந்திரங்களைக் குளிர்விக்க வேண்டும்.

கிழக்கே சற்றுத் தொலைவில் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. சென்னை மக்களும் அதை நம்பித்தான் வாழ்கிறார்கள். 2019ஆம் ஆண்டுக் கோடையில் அந்த ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம், சென்னைக்குத் தண்ணீர் வந்தது. அப்போது நாங்கள் சிறுமிகள். லாரியை எதிர்பார்த்துத் தெருவில் நீண்டு கிடந்த குடங்களின் வரிசை இன்னும் எங்கள் நினைவில் இருக்கிறது. ஏரி வற்றினால் இருக்கும் நீரை யாருக்குக் கொடுப்பது? ஆலைக்கா, குடத்துக்கா?

இதற்கு ஒரு நல்ல விடை கோயம்பேட்டில் இருக்கிறது. சென்னை வீடுகளிலிருந்து வரும் கழிவு நீரில் முதலில் கசடு அடியில் தங்க விடப்படுகிறது. பின்பு நுண்ணுயிர்கள் அழுக்கை உண்டு தீர்க்கின்றன. அதன்பின் மணல் வடிகட்டி. அடுத்து மிக நுண்ணிய துளைகளையுடைய சவ்வுகள். பின்னர், மிகுந்த அழுத்தத்தில் நீர் வேறொரு சவ்வின் வழியே தள்ளப்படுகிறது, உப்பு பின்தங்கிவிடுகிறது. சமையலறையில் நாம் வைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரம் செய்வதும் இதையேதான். இந்த நிலையத்தால் நாளொன்றுக்கு 4½ கோடி லிட்டர் நீரைத் தூய்மைப்படுத்த முடியும். அந்த நீர் குழாய் வழியே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு வருகிறது. இதைக் கேட்டதும் எங்களில் சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டோம்! தகடு கழுவத்தானே, குடிப்பதற்கு அல்லவே.

நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவு. அப்படியானால் 4½ கோடி லிட்டர் என்பது ஏறக்குறைய 3,33,000 பேருக்குரிய நீர். இந்தக் கணக்கைப் போடும்போதுதான் மற்றோர் எண் கண்ணில் பட்டது. கிராமக் குடிநீர்த் திட்டத்தில் ஒருவருக்கு 55 லிட்டர்தான். நகரத்தில் பாதாளச் சாக்கடைக்கும் நீர் வேண்டும் என்று எங்கள் ஆசிரியை விளக்கினார். சரிதான். ஆயினும் அந்த 80 லிட்டர் வித்தியாசம் எங்களை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆகவே நாங்கள் ஆறு பேர் ஒரு வாரம் வீட்டில் தண்ணீர்க் கணக்கு எழுதினோம். ஒருத்தி வீட்டில் ஐந்து பேருக்கும் சேர்த்து நாளைக்குப் பன்னிரண்டு குடம். இன்னொருத்தி ஷவரின் கீழ் வாளியை வைத்து அளந்தாள். அவள் ஒருத்தி குளிக்கவே ஆறு வாளி! நோட்டுப் புத்தகத்தில் அதை எழுதிக் காட்ட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மறுவாரம் ஷவரை மூடிவிட்டு இரண்டு வாளியோடு நிறுத்திக்கொண்டாள். தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும் மூன்று.