பந்தி முடிந்து பந்தி: உல்லாசக் கப்பல் எப்படி இயங்குகிறது?

ஆயிரம் இலை விழும் கல்யாணத்தில் சமையல்கட்டுப் பக்கம் போய் நின்றிருக்கிறீர்களா? மண்டபத்தில் நாதஸ்வரமும் பட்டுச்சேலையுமாக இருக்கும். பின்கட்டில் கணக்குதான் ஓடும்: எத்தனை இலை, எத்தனை பந்தி, முதல் பந்தி எத்தனை மணிக்கு. அரிசியும் காய்கறியும் முந்தின நாளே வந்து இறங்கியிருக்கும். அப்படியும் பெருங்காயம் தீர்ந்துபோனால் ஒரு பையனைக் கடைக்கு விரட்டலாம். உல்லாசக் கப்பல் அந்தச் சமையல்கட்டுதான். பையனை விரட்ட மட்டும் வழி கிடையாது. பயணிகள் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசிக்கு விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

சிங்கப்பூரை வைத்துச் சொல்கிறேன். நம் ஊர்களிலிருந்து கப்பல் பயணம் போகிறவர்களில் பலர் அங்கே போய்த்தான் ஏறுகிறார்கள். மூன்று இரவு, நான்கு இரவு. பினாங்கு, புக்கெட், போர்ட் கிள்ளான் என்று ஒன்றிரண்டு ஊர் தொட்டுத் திரும்பும். முதலில் மண்டபம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் கப்பல் முனையங்கள் இரண்டு. மரினா பே குரூஸ் சென்டர் ஒன்று. அதற்கு மரினா சவுத் பியர் ரயில் நிலையம். ஹார்பர்ஃப்ரன்டில் இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர் இன்னொன்று. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் டாக்சிக்காரரிடம் 'குரூஸ் சென்டர்' என்று மட்டும் சொல்லி ஏறினால் தப்பான வாசலில் இறங்க நேரும். விசாவும் அப்படித்தான். கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பி வருகிறது என்றால், நீங்கள் இரண்டு முறை நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா இருந்தால் திரும்பும்போது சிக்கல்.

இனி பந்திக்கு வருவோம். கப்பல் விடிகாலையில் வந்து கட்டும். அன்று பிற்பகலிலேயே மறுபடி கிளம்பும். ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் மாதிரியான பெரிய கப்பலென்றால், நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தில் நாலாயிரம் பேர் எழுந்து போய், இன்னொரு நாலாயிரம் பேர் உட்கார வேண்டும். அறைகளில் துணி மாற்றுகிறார்கள். கப்பலின் பக்கவாட்டுக் கதவு வழியாக முட்டை, மாவு, பால், இறைச்சி எல்லாம் ஃபோர்க்லிஃப்ட்டில் உள்ளே போகிறது. நீங்கள் கொடுத்த பெட்டியும் அந்த நெரிசலில்தான் ஏறுகிறது. அது உங்கள் அறை வாசலுக்கு வந்து சேர சாயங்காலம் ஆகலாம். அதனால் மாத்திரை, பாஸ்போர்ட், சார்ஜர், குழந்தையின் மாற்றுத்துணி, நீச்சல் உடை இவை கைப்பையில் இருக்கட்டும். நீச்சல் குளம் காலியாகக் கிடைக்கும் ஒரே மதியம் அதுதான்.

ஏறியதும் எல்லாரும் மேல்தளத்து பஃபேக்கு ஓடுவார்கள். இலை எடுப்பதற்குள் பின்னால் வந்து நிற்கும் கூட்டம் அங்கேயும் உண்டு. சில கப்பல்களில் அன்று மதியம் கீழே உள்ள பிரதான உணவுக்கூடமும் திறந்திருக்கும். அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை, கேட்டுப் பாருங்கள்.

சைவம் கிடைக்குமா? கிடைக்கும், இலைக் கணக்கு முன்கூட்டியே போயிருந்தால். ஆயிரம் பேருக்கு சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது, 'எனக்கு மட்டும் வெங்காயம் இல்லாமல்' என்று கரண்டியோடு நிற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. அவர் கையில் ஒன்றுமில்லை. வெங்காயம் பூண்டு சேர்க்காத உணவு, ஒவ்வாமை, உப்புக் குறைவு எதுவானாலும் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறியதும் உணவுக்கூடத்தின் தலைமைப் பரிசாரகரைப் பார்த்து முகத்தைக் காட்டிவிடுங்கள். பல கப்பல்களில் மறுநாள் பட்டியலை முந்தின இரவே கொண்டுவந்து காட்டி, எதை உங்களுக்குத் தனியாகச் செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டு வாங்கும் பருப்பும் ரொட்டியும் பஃபேயில் ஆறிக் கிடப்பதைவிட எவ்வளவோ தேவலை.

கப்பலின் சமையலறையில் தீ கிடையாது. எல்லாம் மின்சார அடுப்பு, நீராவி. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடி வெளியே நிற்க இடம் இல்லை. இந்தப் பயம்தான் உங்கள் பெட்டிக்குள்ளும் கை விடுகிறது. இஸ்திரிப் பெட்டி, கெட்டில், சின்ன ரைஸ் குக்கர், மின்னழுத்தக் காப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி எல்லாவற்றையும் ஸ்கேனரில் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் தருவார்கள். தீயோடு சம்பந்தமில்லாவிட்டாலும், வீட்டில் கட்டிய புளியோதரைக்கும் அனுமதி இருக்காது. கடையில் வாங்கிய, பிரிக்காத பிஸ்கட், முறுக்கு பாக்கெட்டுக்குப் பொதுவாகத் தடையில்லை. தொட்டுக்கொள்ள ஊறுகாய் இல்லாமல் முடியாதவர்கள் சின்ன சாஷேக்களாக வாங்கிக்கொள்ளலாம்.

தண்ணீர்தான் எனக்கு இந்தக் கப்பல்களில் மிகவும் பிடித்த விஷயம். நல்ல சமையல்காரர் கோட்டை அடுப்பின் தணலை வீணாக்க மாட்டார். சோறு இறக்கியதும் வெந்நீர் அண்டாவை அதன்மேல் ஏற்றிவிடுவார். கப்பலும் அதைத்தான் செய்கிறது. என்ஜினைக் குளிரவைத்துச் சூடாகி வரும் நீரின் வெப்பத்தை வாங்கி, காற்றழுத்தம் குறைக்கப்பட்ட கலத்துக்குள் கடல்நீரைக் காய்ச்சுகிறார்கள். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காது. அதற்கு வெகு முன்பே கொதித்து ஆவியாகிவிடும். உப்பு கீழே தங்கிவிட, ஆவி குளிர்ந்து நன்னீராகிறது. போதாததற்குப் பெரிய ஆர்.ஓ. இயந்திரங்களும் உண்டு. தாது உப்பும் குளோரினும் சேர்த்து குழாய்க்கு விடுகிறார்கள். அறைக் குழாயில் வருவது குடிக்கிற தண்ணீர்தான். டாலர் கொடுத்து பாட்டில் வாங்காமல் ஒரு காலி பாட்டில் கொண்டுபோனால் போதும்.

கழிவறை வெற்றிடக் குழாயில் இயங்குகிறது. பொத்தானை அமுக்கினால் 'டமார்' என்று இழுக்கும்; முதல் தடவை குழந்தைகள் அலறிவிடும். டயப்பரோ ஈரத் துடைப்பானோ போட்டு அடைத்தால் உங்கள் அறையோடு நிற்காது, வரிசையாகப் பல அறைகளில் வேலை நின்றுவிடும். நம்மவர்கள் கூச்சத்தில் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று: கழிவறையில் கழுவிக்கொள்ளத் தண்ணீர்க் குழாய் இருக்குமா? பல கப்பல்களில் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் குவளை கொண்டுபோங்கள்.

பஃபேயில் ஒரே கரண்டியை ஆயிரம் கைகள் தொடுகின்றன. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களுக்கு, சூடான உணவு 57 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது என்று விதியே இருக்கிறது. சமையல்கட்டு அப்படிக் காத்தாலும் கரண்டிப் பிடிக்கு விதி எழுத முடியாது. கப்பல்களில் வயிற்றைக் கெடுக்கும் நோரோவைரஸ் சானிடைசருக்கு அவ்வளவாக மசியாது. சோப்பும் தண்ணீரும்தான் சரி.

தலை சுற்றுமா? மலாக்கா நீரிணை இருபுறமும் நிலம் சூழ்ந்தது. பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். பெரிய கப்பல்களில் உருளலைக் குறைக்க அடிப்பாகத்தின் இருபுறமும் துடுப்புகள் நீளும். அதற்குமேலும் பயமிருந்தால் கீழ்த்தளத்தில் நடுப்பகுதி அறையாகக் கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. நீச்சல் குளத்துக்கும் பஃபேக்கும் நேர் கீழே உள்ள அறை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். விடிகாலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்குமேல் கேட்கும். மாத்திரை போடுவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு, வாந்தி வருவதற்கு முன்னால் போட வேண்டும்.

ஏறிய அன்று பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கோர்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று புதிதாக ஏறியவர்களில் பலருக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன்பிறகுதான், கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி இறுகியது. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரையிறங்கும் நாளில் கடிகாரம்தான் எதிரி. சிங்கப்பூரைவிட தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட்டில் இறங்கியதும் உங்கள் போன் தானாக மாறிக்கொள்ளும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால், போனில் மூன்று மணி என்றால் கப்பலில் நாலு. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல சமயம் நங்கூரமிட்டு நின்று சிறு படகில்தான் ஆளை இறக்கும். கடைசிப் படகின் நேரத்தையே பாருங்கள். கப்பலே நடத்தும் சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள், இல்லாவிட்டால் அடுத்த ஊரில் சேர்த்துவிடுவார்கள். சொந்தமாகப் போனவருக்காகப் பந்தி நிற்காது. பினாங்கில் கவலையில்லை; ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் லிட்டில் இந்தியா நடக்கும் தூரம். போர்ட் கிள்ளானில் இறங்கி பத்துமலை முருகனைப் பார்க்க நினைப்பவர்கள், ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

பணம்? உள்ளே ரொக்கம் செல்லாது. அறைச் சாவி அட்டையிலேயே எல்லாம் ஏறும். சேவைக் கட்டணம் என்று ஆளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை தனியாகச் சேர்க்கும் கப்பல்கள் உண்டு, குழந்தைகளுக்கும் சேர்த்து. டிக்கெட் விலை பார்த்து மகிழ்வதற்கு முன் அதையும் கூட்டிப் பாருங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் முன்பணமாகப் பிடித்து வைத்த தொகை திரும்ப நாளாகலாம்; கிரெடிட் கார்டு நல்லது. ஏறியவுடன் போனை ஏரோபிளேன் மோடுக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் செல்கோபுரத்தைப் பிடித்தால் வரும் பில், கப்பல் செலவோடு போட்டி போடும்.

கடைசி இரவு பெட்டியைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். அடுத்த பந்திக்கு இலை போடும் வேலை அப்போதே தொடங்கிவிடுகிறது. மறுநாள் உடுத்த வேண்டியதை எடுத்து வைத்துவிட்டுக் கொடுங்கள். பெட்டியை நீங்களே இழுத்துக்கொண்டு போவதாகச் சொன்னால் முதல் ஆளாக இறங்கலாம். அப்படி இறங்கினாலும் குடிநுழைவு வரிசை இருக்கிறது. ஊருக்கு விமானம் மதியத்துக்கு மேல் இருக்கும்படி போடுங்கள்.