தேன் பாட்டில் ஏன் பொங்குது?



போன ஐப்பசி மாதம் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழு, உள்கடன் எடுத்து மலையடிவாரத்தில் தேன் வாங்கியது. வடிகட்டி, அரைக் கிலோ கண்ணாடி பாட்டில் 40-ல் அடைத்து, லேபிள் ஒட்டி, டவுன் கடைக்குக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் கடைக்காரர் போன் செய்தார். "உங்க தேன் பொங்கி வழியுது. மூடியைத் திறந்தா டப்புன்னு சத்தம் வருது. சர்க்கரைப் பாகு கலந்துட்டீங்களா?" என்று கேட்டார். 40 பாட்டிலும் திரும்பி வந்தது. போட்ட காசு போனதைவிட, கலப்படம் செய்தவர்கள் என்று பெயர் வந்ததுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை. மாதக் கூட்டத்தில் ஊக்குநர் அக்கா அழுதே விட்டார்.

அவர்கள் எதையும் கலக்கவில்லை. தவறு எங்கள் பக்கம்தான் இருந்தது. பாட்டில் சுத்தம், லேபிள், விலை எல்லாம் சொல்லிக்கொடுத்த நாங்கள், தேனில் இருக்கும் ஈரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டோம். அதை இப்போது சொல்கிறோம்.

தேனுக்குள் என்ன நடக்கிறது?

தேனீ பூவிலிருந்து கொண்டுவருவதில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதைக் கூட்டில் வைத்து, இறக்கையால் விசிறி விசிறி வற்ற வைக்கிறது. நன்றாக வற்றிய பிறகுதான் அறையை மெழுகால் மூடுகிறது.

எல்லாத் தேனிலும் ஈஸ்ட் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் இருக்கிறது. தேன் கெட்டியாக இருக்கும்வரை அதனால் வளர முடியாது. ஈரம் சுமார் 20 சதவீதத்தைத் தாண்டினால் அது வேலையைத் தொடங்கிவிடும். தேனில் உள்ள சர்க்கரையைத் தின்று, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும் அல்லவா, அதே கதைதான். நுரைக்கும், மூடியைத் தள்ளுவதற்கும் அந்த வாயுதான் காரணம்.

இதையே வேண்டுமென்று செய்பவர்கள்

ஐரோப்பாவில் 'மீட்' என்றொரு தேன் மது உண்டு. எத்தியோப்பியாவில் 'தெஜ்' என்பார்கள். கெஷோ என்ற செடியின் இலையையும் குச்சியையும் போட்டு, வழிவழியாகப் பெண்கள் வீட்டில் செய்வது அது. நம் சங்கப் பாடல்களிலும் மூங்கில் குழாயில் ஊற வைத்த தேன் கள் பற்றி வருகிறது.

மீட் செய்பவர்கள் ஒரு பங்கு தேனில் மூன்று, நான்கு பங்கு தண்ணீர் கலந்து ஈஸ்ட் சேர்ப்பார்கள். வாயு வெளியே போக வழி வைத்து, ஒரு மாதமோ பல மாதமோ விடுவார்கள். சோடா போல நுரைக்கும் மீட் வேண்டுமென்றால், தெளிந்த பிறகு பாட்டிலில் இன்னும் கொஞ்சம் தேன் விட்டு இறுக்க அடைப்பார்கள். மீதமுள்ள ஈஸ்ட் அதையும் தின்னும். இந்த முறை வாயு வெளியே போக முடியாமல் மதுவிலேயே கரைந்து நிற்கும். திறந்தால் பொங்கும். அந்தப் பாட்டிலுக்குள் கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் இருக்கலாம். அதனால்தான் தடித்த கண்ணாடியில் அடைத்து, தக்கையைக் கம்பியால் கட்டுகிறார்கள். சாதா பாட்டில் என்றால் வெடித்துவிடும்.

நம் குழுவின் பாட்டிலிலும் இதேதான் சின்ன அளவில் நடந்தது. ஈரத் தேனை இறுக்க மூடி வைத்தால், நமக்குத் தெரியாமலே மது தயாராக ஆரம்பித்துவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

தேன் பொங்காமல் இருக்க

1. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், முடிந்தால் முக்கால் பங்கு அறைகள் மெழுகு மூடிய பிறகே தேன் எடுக்க வேண்டும். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

2. மழை நாளில் எடுக்கவோ, வடிகட்டவோ, பாட்டிலில் அடைக்கவோ வேண்டாம். திறந்து வைத்த தேன் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

3. எடை போட்டுப் பாருங்கள். 1 லிட்டர் நல்ல தேன் சுமார் 1 கிலோ 400 கிராம் இருக்கும். அதற்குக் குறைந்தால் ஈரம் அதிகம் என்று சந்தேகப்படுங்கள். சரியாகத் தெரிய ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் கருவி இருக்கிறது. கூட்டமைப்பில் ஒன்று வாங்கி எல்லாக் குழுவும் பயன்படுத்தலாம்.

4. தேனை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் எவர்சில்வர் பாத்திரத்தில் தேனை வைத்துச் சூடேற்றுங்கள். தேனின் சூடு 60 முதல் 65 டிகிரிக்குள் அரை மணி நேரம் இருந்தால் ஈஸ்ட் செத்துவிடும். தெர்மாமீட்டர் அவசியம். கொதித்தால் மணமும் தரமும் போய்விடும். பிறகு சீக்கிரம் ஆற வையுங்கள்.

5. பாட்டில், கரண்டி, வடிகட்டும் துணி எல்லாம் எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும்.

6. ஒவ்வொரு முறையும் இரண்டு பாட்டிலை விற்காமல் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். நுரையோ புளிச்ச வாடையோ வந்தால் மீதியை அனுப்பாதீர்கள். பொங்கிய தேனை நல்ல தேனோடு கலக்கவே கூடாது.

7. தேன் உறைந்து சர்க்கரை போல ஆனால் அது கலப்படம் இல்லை, இயல்புதான். கடைக்காரருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இன்னொரு விஷயம். பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம். அபூர்வமாக வந்தாலும் உயிருக்கே ஆபத்தான ஒரு நோய் அதனால் வரலாம். விற்கும்போதும் இதைச் சொல்லுங்கள்.

அந்தக் குழு பங்குனியில் மறுபடி தேன் வாங்கியது. இந்த முறை கொஞ்சம்தான். சூடேற்றி, ஒரு மாதம் வைத்துப் பார்த்து, அதே கடைக்கு ஊக்குநரும் பிரதிநிதியுமே நேரில் கொண்டுபோனார்கள். நடந்தது என்ன என்று விளக்கிச் சொன்னார்கள். கடைக்காரர் முதலில் 10 பாட்டில் மட்டும் எடுத்துக்கொண்டார். அந்தப் பத்தும் பொங்கவில்லை. பழைய கடன் இன்னும் முழுதாக அடையவில்லை, ஆனால் போன பெயர் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

தேன் தொழில் செய்ய நினைக்கும் குழுக்கள், கடன் எடுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையை மாதக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசி முடிவெடுங்கள்.